வெறுமையாக வந்த முகவரிச் சீட்டு



சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு, அழைப்பிதழ் உறைகளில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை அச்சிடும் பொறுப்பு, கணினித் துறையில் இருப்பவன் என்பதால் என்னிடம் வந்தது. விழா முடிந்த மறுவாரம் அல்சூர்ப் பெரியவர் ஒருவர் கடைத்தெருவில் பார்த்து, "முப்பது வருஷமா வர்றேன் தம்பி, இந்தத் தடவை என்னை மறந்துட்டீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து ஆராய்ந்தேன். சில சீட்டுகள் வெறுமையாக வந்திருந்தன. காகிதக் கோளாறு என்று நானே அவற்றைக் கிழித்து எறிந்திருந்தேன்! அவை யாவும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாதவர்களுடையவை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது?

நிரப்பாத அந்தக் கட்டத்தைத் தரவுத்தளம் 'நல்' என்று குறித்துக்கொள்ளும். பெயரில்தான் நல், செய்வது அல்லல்! அதன் பொருள் பூஜ்யமும் அல்ல, வெற்றிடமும் அல்ல, 'தெரியாது' என்பதே. மளிகைக் கணக்கில் பருப்பின் விலை தெரியாவிட்டால் மொத்தத் தொகையைச் சொல்ல முடியுமா? அதுபோல, பெயர், குடும்பப் பெயர், முகவரி மூன்றையும் ஒரே வரியாக இணைக்கும்போது ஒன்று 'நல்' என்றால் முழு வரியும் 'நல்' ஆகிவிடும். ஆனால் ஆரக்கிள் விடுபட்டதை ஒதுக்கி மீதியைத் தரும். அதில் பழகிய நான், மை எஸ்.க்யூ.எல்.லும் அப்படியே என்று எண்ணியதுதான் பிழை.

பரிகாரம் எளிது. 'கோயலெஸ்' என்ற கட்டளை, 'நல்' வந்தால் நாம் சொல்லும் மாற்றை, வெற்றுச் சொல்லையேனும், அங்கே வைக்கும். ஆனால் இடையிலுள்ள காற்புள்ளி தனியே நிற்கும். 'கான்கேட் டபிள்யூ.எஸ்.' என்பது 'நல்' உள்ளதையும் அதற்குரிய காற்புள்ளியையும் சேர்த்தே விட்டுவிடும். முகவரிக்கு இதுவே உகந்தது.

இது கணினிக்காரர் கவலை மட்டுமல்ல. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் வந்தது. ஆகவே பிள்ளைகளின் படிவங்களில் தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம் என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இந்த ஆண்டுச் சீட்டுகள் சரியாகவே வந்தன. ஆயினும் அந்தப் பெரியவருக்கு அழைப்பிதழை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.