நான்கில் ஒன்று ஊமை!
பழைய காரின் 'மிஸ்ஸிங்' நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலியார்பேட்டைக்குப் போகும் கடலூர் சாலையில் ரெயில்வே கேட் மூடும் நேரம், பழைய மோட்டார்களுக்குச் சோதனை நேரம். வேகமாக ஓடும்போது தன் குறையை மறைத்துக்கொள்ளும் இஞ்சின், நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும்போது உண்மையைக் கக்கிவிடும். பஸ்சும் லாரியும் ஸ்கூட்டருமாக வரிசை நிற்கிறது. நடுவே ஓர் அம்பாசிடர். பக்கத்தில் நிற்கும் புது வண்டிகளில் இஞ்சின் ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. இதுவோ குளிர்காய்ச்சல் கண்டவனைப்போல் உதறுகிறது! புகைக்குழாயில் "டுப், டுப், டுப்" என்று மூன்று தட்டு விழுகிறது. நான்காவது தட்டு விழவேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் வந்த ரெயில் பாதை இது. பக்கத்திலேயே ஏ.எப்.டி. மில். 2020-ல் அது மூடப்படும்வரை, இந்தப் பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இயந்திரத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. தாளம் தப்பும் இயந்திரத்தின் சத்தம் இங்குள்ள பெரியவர்களின் காதுக்குத் தப்பாது.

பட்டறைக்காரர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. அம்பாசிடர் இஞ்சினுக்கு 4 சிலிண்டர்கள். 1, 3, 4, 2 என்ற வரிசையில் அவை வெடிக்கவேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 தீப்பொறி தேவை! காற்றும் பெட்ரோலும் அளவாகக் கலக்கவேண்டும். அந்தக் கலவை நன்றாக அழுத்தப்படவேண்டும். சரியான கணத்தில் பொறி விழவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் ஊமை. மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்கும்.

கேட்காத கேள்வி

"பிளக் நாலும் புதுசுண்ணே. காயிலும் மாத்தியாச்சு. கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. இன்னும் உதறுது."

"எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பார்த்தியா, தம்பி?"

"அதைப் பார்க்கலையே!"

பழைய வண்டி வரும் எந்தப் பட்டறையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்தப் புது காயில் இரண்டு நாள் சம்பாத்தியம். அது வீண். அதைவிடப் பெரிய நஷ்டம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் தண்ணீராகிறது. பிறகு தேய்மானத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஊமை எதுவென்று அறிய ஒரு பைசா செலவில்லை. இஞ்சின் மெதுவாக ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவேண்டும். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் ஓட்டம் இன்னும் தடுமாறும். எதைக் கழற்றியும் மாறுதலே இல்லையோ, அதுதான் ஊமை. வெறுங்கையால் ஒயரைத் தொடக்கூடாது. காயிலிலிருந்து வரும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்! ரப்பர் பிடிபோட்ட இடுக்கி வேண்டும். இந்த வித்தை பழைய பாயிண்ட் வண்டிகளுக்கு மட்டுமே. புதுக் கார்களில் இப்படிச் செய்தால் விலை உயர்ந்த சாமான்கள் கெட்டுப்போகும்.

அடுத்து, ஊமை சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடவேண்டும். கோளாறு கூடவே போனால் குற்றவாளி பிளக்தான். போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பார்க்கலாம். கழற்றிய பிளக்கைத் துடைக்கும் முன் அதன் முகத்தைப் பார்ப்பது முக்கியம். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. ஆயிலில் நனைந்திருந்தால் உள்ளே தேய்மானம்.

மழைக்காலத்து மாயம்

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மிஸ்ஸாகி, தையில் தானே சரியாகும் வண்டிகளும் உண்டு. ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் புகுந்துவிடும். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும்; பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வெடிப்பு வழியே ஓடிவிடும். இருட்டிய பிறகு, விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட்டினால், வெடித்த ஒயர்களின் மேல் நீல நிறப் பொறி ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

பாயிண்டும் காயிலும் கொண்ட இந்தத் தீப்பொறி முறையை வடிவமைத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் வரப்போகிறார்.

பொறி சரி என்றால் பெட்ரோலைப் பார்க்கவேண்டும். மேனிபோல்டு கேஸ்கட் வழியாகக் காற்று கள்ளத்தனமாக நுழைந்தாலும் கலவை கெடும். 2025-ல் நாடெங்கும் வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய கார்பரேட்டரில் கலவையைச் சற்று மெலிதாக்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும்.

நாடி பார்க்கும் கருவி

அதிக தூரம் ஓடிய வண்டிக்கு இவையெல்லாம் பாதி வைத்தியம். பழைய கார்கள் பலவற்றின் மீட்டரில் 5 இலக்கந்தான். 99,999 ஆனதும் மறுபடி பூஜ்யம்! எத்தனை முறை சுற்றி வந்ததென்று சொந்தக்காரருக்கே நினைவிராது. சொல்லக்கூடியது கம்ப்ரஷன் கேஜ் ஒன்றே.

இஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, காயில் ஒயரை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். மூன்று சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு காட்டி, ஒன்று மட்டும் 70 காட்டினால், எத்தனை புதுப் பிளக் போட்டாலும் பயனில்லை. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

பழைய 1,489 சி.சி. அம்பாசிடர் இஞ்சினில் புகைப்போக்கி வால்வுக்கு ஒரு தனிக்கதை உண்டு. கெட்டரிங்கிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, இஞ்சின் 'நாக்' அடிப்பதை நிறுத்த 1921-ல் பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்துப் பார்த்தார். நாக் நின்றது. அதோடு எவரும் கேட்காத உபகாரம் ஒன்றும் நடந்தது. எரிந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய மெத்தைபோல் படிந்து, தேய்மானத்தைத் தடுத்தது! ஆனால் அதே ஈயம் புகையாக வெளிவந்து, குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. குழந்தைகள் பிழைத்தார்கள், பழைய வால்வுகள் மெத்தையை இழந்தன.

மெத்தை போனதும் வால்வு சிறிது சிறிதாகத் தன் இருக்கைக்குள் அமிழ்கிறது. டேப்பெட் இடைவெளி சுருங்குகிறது. ஒருநாள் இடைவெளியே இல்லாமல், வால்வு முழுக்க மூடாமல் நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை! 'டக் டக்' என்று சத்தம் போட்ட டேப்பெட் சத்தமடங்கியதும், வண்டி குணமாகிவிட்டதென்று சொந்தக்காரர் சந்தோஷப்படுகிறார். உண்மையில் அப்போதுதான் ஆபத்து ஆரம்பம். மூடாத வால்வின் விளிம்பை நெருப்பு அரிக்கத் தொடங்குகிறது.

ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பீலர் கேஜ், அரை மணி நேரம். இடைவெளியைத் திருத்தினால் ஊமை பேசிவிடும். விளிம்பு எரிந்துவிட்டால் ஹெட்டை இறக்கவேண்டியதுதான்.

புதுக் கார்களுக்கு ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 'பி 0303' என்று அது காட்டினால் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸாகிறதென்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கும் கம்ப்ரஷன் கேஜைத்தான் தேடவேண்டும்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் இறக்கிய ஹெட்டுக்கு வைத்தியம் உண்டு. தேய்ந்த இருக்கையைக் கடைந்தெடுத்து, ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கெட்டியான இரும்பு வளையத்தை அங்கே பதிப்பார்கள். வால்வை மாவரைப்பது போல் அதன்மேல் வைத்துத் தேய்ப்பார்கள். வேலை முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். சிறிது நேரம் கழித்துப் பார்க்கும்போது, புகைப்போக்கித் துவாரத்தில் கசிவு தெரிந்தால் மறுபடி தேய்ப்பு. ஒரு சொட்டும் கசியாவிட்டால் புது கேஸ்கட்டைப் போட்டு, ஹெட்டைத் தூக்கி வண்டியில் வைப்பார்கள்.