ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போறீங்களா? முதல்ல மணிக்கட்டைக் கேளுங்க

மூன்றாம் வருஷ ஆரம்பத்துல ஒரு ஃபுல் ஃபேரிங் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். பாதிப் பணம் அம்மா எடுத்துக் கொடுத்த சீட்டு, மீதி லோன். பைக் பேரைச் சொல்லப் போறதில்ல. ஏன்னா தப்பு பைக்கோடது இல்ல, நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு. யூடியூப்ல டாப் ஸ்பீடு வீடியோ நிறைய பார்த்தேன். ஷோரூம்ல ஏறி உட்கார்ந்து ஒரு செல்ஃபி எடுத்தேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ரெண்டாவது வாரமே மணிக்கட்டு வலிக்க ஆரம்பிச்சுது.

இப்போ ஜூனியர்ஸ் யாராவது பைக் பத்திக் கேட்டா, முதல்ல ஒரு சின்னக் கணக்கு போடச் சொல்றேன்.

எந்த கிலோமீட்டருக்காக வாங்குறீங்க?

சேலத்துல எங்க வீட்டிலிருந்து காலேஜ் 17 கி.மீ. போக வர 34. அஞ்சு நாளைக்கு 170 கி.மீ., அதுவும் பெரும்பாலும் டிராஃபிக்ல. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தா சுமார் 60 கி.மீ. அந்த 20 கொண்டை ஊசி வளைவும் சொர்க்கம்தான். ஆனா அதுவும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான். நான் அந்த 60-ஐ மட்டும் மனசுல வச்சு பைக் வாங்கி, 170-ல மாட்டிக்கிட்டேன்.

வலி எங்கிருந்து வருது?

ஹேண்டில்பார், சீட், ஃபுட்பெக். இந்த மூணு புள்ளியையும் இணைச்சா வர்ற முக்கோணம்தான் நம்ம உட்காரும் விதத்தை முடிவு பண்ணுது. ஸ்போர்ட்ஸ் பைக்ல ஹேண்டில்பார் தாழ்வா, ஃபுட்பெக் பின்னாடி தள்ளி இருக்கும். அதனால உடம்பு முன்னாடி சாய்ஞ்சு, மேல் உடம்போட பாரம் கைக்கு வந்துடும்.

அப்படின்னா ஹைவேல மட்டும் ஏன் வலி குறையுது? காத்துதான் காரணம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சோமே, அதேதான். 30-ல போறப்போ இருக்குற விசை, 90-ல ஒன்பது மடங்கு ஆகும். அந்தக் காத்து நெஞ்சைப் பின்னாடி தள்ளி, கையிலிருக்கிற பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கும். டிராஃபிக்ல அந்த உதவி கிடையாது. போதாக்குறைக்கு நிமிஷத்துக்கு நாலு தடவை பிரேக், கிளட்ச். முழங்காலால டேங்கை இறுக்கிப் பிடிச்சா பாரம் குறையும், ஆனா சிக்னலுக்கு சிக்னல் கால் ஊன்றவே நேரம் சரியா இருக்கும்.

ஒரே என்ஜின், ரெண்டு பைக்

யமஹா ஆர்15, எம்டி-15 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் அதே 155 சிசி என்ஜின், அதே 18.4 பிஎஸ் பவர். எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா எம்டி-15-ல ஹேண்டில்பார் உயரம், ஃபேரிங் கிடையாது, முதுகு நிமிர்ந்து இருக்கும். தினசரி ஓட்ட அதுதான் சுகம். பதிலுக்கு ஹைவேல காத்து நேரா நெஞ்சுல அடிக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 மாதிரி ஃபேரிங் இருந்தாலும் ஹேண்டில்பாரை அவ்வளவு தாழ்த்தாத பைக்குகள். காத்துக்கு மறைப்பும் கிடைக்கும், மணிக்கட்டும் தப்பிக்கும். என்னை மாதிரி வாரம் முழுக்க டிராஃபிக், வார இறுதியில மலைன்னு இருக்கிறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

பவரை மட்டும் பார்க்காதீங்க, அது எந்த ஆர்பிஎம்ல வருதுன்னும் பாருங்க. மேல சொன்ன 155 சிசி என்ஜின்ல அந்த 18.4 பிஎஸ் கிடைக்கிறது 10,000 ஆர்பிஎம்ல. டிராஃபிக்ல நாம அதுல பாதியைத் தாண்டினாலே பெருசு.

டெஸ்ட் ரைடு எப்படி எடுக்கணும்?

- காலி ரோட்ல வேண்டாம், டிராஃபிக் இருக்கிற நேரத்துல கேளுங்க. முடிஞ்சா 20 நிமிஷமாவது ஓட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லா பைக்கும் சுகமாத்தான் இருக்கும்.
- ஒரு யூ-டர்ன் போடுங்க. தாழ்ந்த ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது.
- ரெண்டு காலும் தரையில நல்லா ஊன்றுதான்னு பாருங்க. ஆர்15-ல சீட் உயரம் 815 மி.மீ., ஜிக்ஸர் எஸ்எஃப் 250-ல 800 மி.மீ. கேட்க சின்ன வித்தியாசம், குள்ளமானவங்களுக்குப் பெரிய வித்தியாசம்.
- ஏபிஎஸ் டூயல் சேனலான்னு கேளுங்க. சிங்கிள் சேனல்னா முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மலை இறங்கும்போது பின் சக்கரம் லாக் ஆனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.
- ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தா நல்லது. வளைவுக்கு முன்னாடி டக்குனு கியர் குறைச்சாலும் பின் சக்கரம் துள்ளாது. அசிஸ்ட்டும் சேர்ந்து இருந்தா கிளட்ச் லீவர் லேசா இருக்கும், டிராஃபிக்ல விரல் வலிக்காது.

கடைசியா ஒண்ணு. பைக் வந்த மறுநாள் அம்மாவை கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பின் சீட் உயரமா, சின்னதா இருக்கும், பிடிக்க கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் என் முதுகுல வந்து இடிச்சாங்க. கோவில் வாசல்ல இறங்கினதும், "வண்டி நல்லாத்தான்டா இருக்கு, நான் வரும்போது பஸ்ல வந்துடுறேன்"னு சொன்னாங்க. சீட்டுப் பணம் கொடுத்தவங்க அதுக்கப்புறம் அந்த பைக்ல ஏறவே இல்ல.

ஷோரூமுக்குப் போறப்போ, உங்க பின்னாடி உட்காரப் போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க.