பறப்பதற்குப் பிறந்த டர்போ

நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டும். கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நொடி கழித்து முன்பக்கத்திலிருந்து மெல்லிய விசில் கேட்கிறது. அப்புறம்தான் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல வண்டி பாய்கிறது. டர்போ பொருத்திய பழைய டீசல் கார் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் பழகிய அனுபவம் இது. 'டர்போ லேக்' என்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் பிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் போர் விமானமும் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் 'ஸ்போர்ட்ஸ் கார் என்பது சக்கரம் வைத்த போர் விமானம்' என்று நண்பர்கள் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. போர் விமானத்திலிருந்து கார் நிறைய வாங்கிக்கொண்டது, உண்மை. வாங்கியது எதுவும் வாங்கியபடியே காருக்கு ஒத்துவரவில்லை. விமானியின் கை த்ராட்டிலை ஓரிடத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் மணிக்கணக்கில் அதே வேகத்தில் ஓடும். காரோட்டியின் கால் ஒரு நிமிடத்தில் இருபது முறை மிதித்து எடுக்கும். அந்தக் காலுக்கு உடனே பதில் சொல்வதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் உயிர். நம் ஊரில் அதற்கு 'பிக்-அப்' என்று பெயர்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். அதற்கேற்ற காற்றை சிலிண்டருக்குள் நுழைப்பதில்தான் எஞ்சின்காரர்களின் பாடு இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் டர்பைன் என்ற ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாம் என்ற டர்போ யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றார். அதை அவசரமாகத் தேட வைத்தது முதல் உலகப் போர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் திணறுகிறது. எதிரி விமானத்துக்கு மேலே ஏற முடிந்தவனே பிழைத்தான்.

1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மாஸ், 12 சிலிண்டர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோனார். உயரம் 14,000 அடிக்கும் மேல். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் அங்கே 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை மாட்டியதும் 356. மலை உச்சியில் நின்றுகொண்டே அது கடற்கரைக் காற்றைச் சுவாசித்தது.

இந்தச் சோதனையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: சக்தி வர எத்தனை நொடி ஆகும்? கேட்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தைப் பாருங்கள். எஞ்சின் மூக்கில் இருக்கிறது. டர்போ விமானியின் முதுகுக்கும் பின்னால், வாலை நோக்கிய பகுதியில். புகை ஒரு குழாயில் அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போய் டர்பைனைச் சுழற்ற வேண்டும். அமுக்கிய காற்று இன்னொரு குழாயில் திரும்பவும் மூக்குக்கு வர வேண்டும். ஒரு காரில் இப்படி வைத்தால் மிதித்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். விமானத்தில் இது மிக நன்றாக வேலை செய்தது.

1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. டர்போ அமுக்கிய காற்று சூடேறும். சூடேறினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினுக்குள் 'நாக்கிங்' எழும். இதைத் தடுக்கப் போர் விமானங்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சிக் குளிரவைத்தார்கள். ஜெட்ஃபயர் அதையே அப்படியே எடுத்துக்கொண்டது. பானெட்டுக்குள் ஒரு தனிச் சிறு தொட்டி, அதில் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்ற கலவை. தீர்ந்துவிட்டால் ஒரு வால்வு மூடி டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். விமானத்தளத்தில் ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்ப ஆள் உண்டு. காய்கறி வாங்கப் போகிறவர் அதையெல்லாம் நினைவில் வைத்திருப்பாரா? நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். கடைசியில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுக்க நிறுவனமே முன்வந்தது. இரண்டே மாடல் ஆண்டுகளில் கதை முடிந்தது.

காரை விமானத்திலிருந்து உண்மையில் பிரித்துக் காட்டியது பந்தயத்தின் வளைவுகள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நீள்வட்டத்தில் 1968-லேயே டர்போ எஞ்சின் வென்றுவிட்டது. அங்கே கால் எப்போதும் ஆக்ஸிலேட்டரின் மேலேயே இருக்கும், ஏறக்குறைய விமானம்தான். கூர்மையான திருப்பங்கள் உள்ள பாதையில் நிலைமை வேறு. (இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் நம் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரமும் போர்க்கால விமான ஓடுதளங்கள்தான். நேராக ஓடி எழும்பப் போட்ட பாதையில் திருப்பங்களை ஏற்படுத்திக் காரை விட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.) திருப்பத்தில் காலை எடுத்தால் டர்போ வேகம் இழக்கும், வெளியே வரும்போது மிதித்தால், வண்டி இன்னும் வளைந்துகொண்டிருக்கும் தருணத்தில் சக்தி மொத்தமாக வந்து விழும், பின்சக்கரம் பிடி நழுவும்.

1970-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்காக போர்ஷே பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்த மார்க் டோனஹியூ பந்தய ஓட்டுநர் மட்டுமல்ல, பொறியியல் படித்தவரும்கூட. கால் சொல்வதை எஞ்சினுக்குப் புரியவைப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய ஒரே வேலை. புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமலே வெளியே விடும் வால்வு, எரிபொருள் அளவைக் காற்றழுத்தத்தோடு சேர்த்துத் திருத்தும் ஏற்பாடு, காலை எடுத்தபோதும் டர்போவைச் சுழன்றுகொண்டே இருக்கவிடும் வழி என ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். 1,000 குதிரைத்திறனைத் தாண்டிய 917/30 காரில் டோனஹியூ 1973-ஆம் ஆண்டுப் பட்டத்தை வென்றார். அந்த அனுபவத்தில் விளைந்த 911 டர்போ 1974-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. அதிலும் தாமதம் போகவில்லை, ஆனாலும் சாலையில் ஓட்டக்கூடியதாக இருந்தது. என்னைக் கேட்டால், டர்போ விமானத்தை விட்டுக் காருக்குச் சொந்தமானது இங்கேதான்.

எரிபொருளின் கதையும் இப்படித்தான். 1940-இல் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானம் சட்டென்று மூக்கைக் கீழே குத்தினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மேலே வீசப்பட்டு எஞ்சின் இருமும். டைம்லர்-பென்ஸ் எஞ்சின் கொண்ட ஜெர்மன் விமானங்களில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷாருக்குக் கைகொடுத்தவர் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். பெட்ரோல் வரும் வழியில் அவர் வைத்தது துளையிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பு, அவ்வளவுதான். ஷில்லிங் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றியவர். எஞ்சின் இருமுவது எப்படி இருக்கும் என்பது அவருக்கு உடம்பாலேயே தெரிந்திருக்கும்.

அந்த ஜெர்மன் முறை 1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காருக்கு வந்தது. இறக்கைபோல் மேலே திறக்கும் கதவுகள், 3 லிட்டர் எஞ்சின். ஆனால் சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக் கீழே இறங்கி, ஆயில் முழுவதையும் நீர்க்கச் செய்யும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் காருக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை. அடிக்கடி ஆயிலை மாற்ற வேண்டியதுதான்.

தலைகீழாகவும் ஒன்று நடந்தது. 1960-களில் கிரைஸ்லர் நிறுவனம் கேஸ் டர்பைன் எஞ்சின் வைத்த 50 கார்களைப் பொதுமக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னது. மிதித்தால் டர்பைன் வேகமெடுக்கத் தாமதம், எரிபொருளும் அதிகம். காரில் அது நிற்கவில்லை. பின்னர் அதே நிறுவனம் வடிவமைத்த எம்1 ஏப்ராம்ஸ் டாங்கியில் 1,500 குதிரைத்திறன் கேஸ் டர்பைன் நிலைத்துவிட்டது. ராணுவம் பெட்ரோல் பங்க் ரசீதைப் பார்ப்பதில்லை.

டர்போவின் ஒரு நொடித் தாமதத்தை இன்று மின்சாரம் கரைத்துக்கொண்டிருக்கிறது. 2014 முதல் ஃபார்முலா 1 எஞ்சின்களில் டர்போவின் தண்டிலேயே ஒரு மோட்டார் இருந்தது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி அதைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது: டர்போவின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே, தண்டின்மேல், ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு மோட்டார். ஆக்ஸிலேட்டரில் கால் பட்டதும், புகை வந்து சேருமுன்பே டர்போ சுழன்று தயாராக நிற்கிறது.