குன்னூர் மின்னணு ஏலமும் கூடலூர்ச் சிறு தேயிலை விவசாயியும்

தேயிலை விற்பனையில் தகவல் தொழில்நுட்பம் எதனை மாற்றியது, எதனை மாற்றவில்லை என்பதை ஆராயக் கூடலூர் பொருத்தமான களமாகும். இங்குள்ள சாலிஸ்பரி கூட்டுறவுத் தொழிற்சாலை, சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையைத் தூளாக்கும் இண்ட்கோசர்வ் அமைப்பைச் சார்ந்தது. அவ்வமைப்பின் தொழிற்சாலைகளுக்காகக் குன்னூரில் 2003இல் தொடங்கப்பெற்ற டீசர்வ், இந்தியாவின் முதல் மின்னணுத் தேயிலை ஏல மையமாகக் கருதப்படுகிறது. தேயிலை வாரியம் இம்முறையைப் பிற மையங்களுக்கு விரித்தது பின்னரே. 2016இல் அகில இந்திய ஏலமுறை வந்தது.

குரல் ஏலத்தில் வணிகர் ஒருவரையொருவர் பார்த்தபடியே விலை கேட்பர். முகக்குறிப்பால் விலையைத் தணிக்க வழியிருந்தது. திரையில் கேட்பவர் யாரெனத் தெரிவதில்லை. போட்டி கூடுவதற்கு இதுவே முதற்காரணம், வேகம் அன்று.

எனினும் ஏலத்திற்கு முந்தைய படிகள் அப்படியே உள்ளன. தூள் கிடங்கை அடைய வேண்டும். மாதிரியைச் சுவைஞர் நாவால் சோதிக்க வேண்டும். பறித்த இலையோ சில மணி நேரத்தில் தொழிற்சாலைக்குச் சென்றாக வேண்டும். விலை ஏறும்வரை விவசாயி காத்திருக்க இயலாது. ஏலச் சராசரியை ஒட்டி வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையே அவருக்கு அடிப்படை. நொடிகளில் முடியும் போட்டி அவரிடம் மாதச் சராசரியாகவே வந்து சேர்கிறது. அச்சராசரியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தவரும் முற்றிய இலை கொணர்ந்தவரும் ஒன்றாகின்றனர்.

ஆகவே அடுத்த மாற்றம் தேவைப்படுவது இலை எடைபோடும் இடத்தில்தான். பலரது இலையும் ஒன்றாகக் கொட்டி வாட்டப்படுவதால் தூளின் விலையைத் தனி விவசாயி வரை இணைப்பது அரிது; இலை கொள்முதல் மையம் வரை இணைக்கலாம்.