உண்மையைச் சொன்ன பிறகே மன்னிப்பு

மனத்தில் வஞ்சத்தைச் சுமப்பவரின் உடலும் அதன் பாரத்தைச் சுமக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹோப் கல்லூரியில் சார்லட் விட்வ்லீட் குழுவினர் 71 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. தமக்குத் தீங்கிழைத்த ஒருவரை நினைத்து, ஒரு முறை வஞ்சத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கவும், இன்னொரு முறை அவரை மன்னிப்பதாக எண்ணிப் பார்க்கவும் மாணவர்களிடம் சொன்னார்கள். வஞ்சத்தை நினைத்தபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. புருவத் தசைகள் இறுகின. தீங்கிழைத்தவர் அந்த அறையில் இல்லவே இல்லை. வதைபட்டதெல்லாம் பாதிக்கப்பட்டவரின் உடல்தான். மன்னிப்பது எதிராளிக்குச் செய்யும் உபகாரம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் முதல் பலன் மன்னிப்பவருக்கே கிடைக்கிறது.

இந்தப் பலனைப் பயிற்சியால் பெற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் மன்னிப்புக்கென ஒரு படிமுறையை வகுத்தவர். தன் தாய் கொலையுண்டபோது அதே முறையைத் தானும் கைக்கொண்டவர். அம்முறையில் அமைந்த, சுமார் 3 மணி நேரத்தில் தாமே செய்துமுடிக்கக்கூடிய பயிற்சி நூலை வைத்து, கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் ஆய்வு நடந்து, முடிவுகள் 2024இல் வெளியாயின. நூலை உடனே பெற்றவர்களிடம், அதற்காகக் காத்திருந்தவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. அந்தப் படிமுறையில் முதலில் செய்ய வேண்டியது, பட்ட காயத்தை நினைவுக்குக் கொண்டுவருவது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் என்ரைட் வகுத்த முறையும் அடக்கிவைத்த கோபத்தை வெளியே கொண்டுவருவதில்தான் தொடங்குகிறது. சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான 12 பெண்களிடம் அம்முறையில் நடந்த சிகிச்சையின் முடிவுகள் 1996இல் வெளிவந்தன. அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும் தணிந்து நம்பிக்கை வளர்ந்திருந்தது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கும் மேல் ஆனது. காயம் ஆழமாக இருந்தால் அது ஆறவும் காலம் வேண்டும்.

காயத்தைச் சொல்லவிடாமலே மன்னிக்கச் சொல்வதில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. அடிபட்டவள் வாய் திறக்குமுன்பே, “போனது போகட்டும், பெரியவர்தானே, விட்டுக்கொடுத்துப் போ” என்கிறோம். மன்னிப்பு பலவீனம், தவறு செய்தவரைத் தப்பவிடும் வழி என்ற ஆட்சேபம் இத்தகைய அனுபவத்திலிருந்தே பிறக்கிறது. அதில் நியாயமும் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்டி புதுமணத் தம்பதிகளை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் மன்னிக்காதவர்கள்மீது துணைவர் காட்டிய வன்முறை காலப்போக்கில் குறைந்தது. அதிகம் மன்னித்தவர்கள்மீது அது குறையாமல் நீடித்தது. ஆகவே மன்னிப்பையும் சமரசத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வஞ்சத்தை மனத்திலிருந்து இறக்கிவைத்த ஒருத்தி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கணவன் வீட்டுக்குத் திரும்ப மறுக்கலாம். மன்னிப்பு மனத்தைப் பொறுத்தது. பாதுகாப்பும் தண்டனையும் நீதியைப் பொறுத்தவை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

மன்னிப்பை ஒருவர்மேல் திணிக்கவும் முடியாது. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் விசாரணைகளைத் தொடங்கியது. அரசியல் நோக்கத்தில் குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் சொன்னால்தான் சட்டப்படி பொதுமன்னிப்பு கிடைக்கும் என்பது விதி. 1977இல் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினர் அந்த ஏற்பாட்டையே எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், வழக்கில் தோற்றார்கள். ஆயினும் அவர்களுடைய எதிர்ப்பு நியாயமானது. தண்டனையை விலக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாம். பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக மன்னிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. மன்னிக்க முடியவில்லை என்பவரைக் குற்றவாளிபோல் பார்ப்பது, அவர்மீது இழைக்கும் இரண்டாவது அநீதி.

உண்மையைச் சொன்ன பிறகே மன்னிப்பு என்ற விதி நம்மை நாமே மன்னிப்பதற்கும் பொருந்தும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாள் கடத்தியதற்காகத் தம்மையே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாக நாள் கடத்தவில்லை. குற்றவுணர்வு நம்மைத் திருத்தும் என்று நம்புகிறோம். அளவு மீறினால் அது நம்மைத் தவறிலிருந்தே ஓடி ஒளியவைக்கிறது. “நான் ஒன்றும் தப்புச் செய்யவில்லை” என்று சாக்குச் சொல்பவர் தன்னை மன்னிக்கவில்லை, ஏமாற்றிக்கொள்கிறார். “செய்தது தவறு, பொறுப்பு என்னுடையது, ஈடுசெய்ய முடிந்ததைச் செய்வேன்” என்று சொல்பவருக்கே தன் முகத்தைத் தானே நேராகப் பார்க்கும் தெம்பு வருகிறது. தன்னை ஏற்றுக்கொள்வது என்பது குறையில்லாதவர் என்று தனக்கே நற்சான்று கொடுத்துக்கொள்வதல்ல. குறையைத் தெரிந்துகொண்டே, மாறுவதற்கு இன்னொரு வாய்ப்பைத் தனக்குத் தருவது.