தாய் துறவு பூண்டால்: சட்டம் சொல்வது

வயது வந்த பெண், வீட்டார் மறுத்தாலும் துறவு மடத்தில் சேரலாம்; அரசமைப்பின் 25-ஆம் பிரிவு அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. பிள்ளை பெற்றவர் என்பதால் அது பறிபோவதில்லை. மடத்தில் அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் விருப்பத்துடன்தான் இருப்பதாக அவரே சொல்லிவிட்டால் மனு அத்துடன் முடியும்.

கார்மேல் சபை போன்ற கத்தோலிக்க அடைப்பு மடங்களில் உறவினர் பெரும்பாலும் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றே பேச முடியும். திருமண பந்தம் நீடிக்கும் பெண்ணை அங்கே நவதுறவில் (தொடக்கப் பயிற்சி நிலையில்) சேர்ப்பது செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 643-ஆம் விதி. விதவைக்கு அந்தத் தடை இல்லை, குழந்தை சிறியதானாலும். 1631-இல் பிரான்சின் தூர் நகரில் மரீ குயார் என்ற விதவை மடம் புகுந்தபோது மகனுக்கு 11 வயது. பள்ளித் தோழர்களைக் கூட்டிவந்து, தாயைத் திருப்பித் தரும்படி மடத்து வாசலில் அவன் கத்தினான்.

இந்து, சமண, பௌத்த, சீக்கியக் குடும்பங்களில் பலர் தடுமாறும் இடம் வேறு. துறவு பூண்டதாலேயே மணம் முறிந்துவிடாது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13(1)(vi) பிரிவில் அது விவாகரத்துக்கான காரணம் மட்டுமே. தீர்ப்பு வாங்காமல் கணவர் மறுமணம் செய்தால் ஏழாண்டு வரை சிறை. காவியோ வெள்ளையோ உடுத்தியது மட்டும் சான்றாகாது. தீட்சைச் சடங்கு நடந்ததை நிரூபிக்க வேண்டும். அழைப்பிதழையும் படங்களையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கிறிஸ்தவர்களின் மணமுறிவுச் சட்டத்தில் துறவு தனிக் காரணமாக இல்லை. இரண்டாண்டு கைவிட்டுச் சென்றதைக் காட்டியே வழக்குப் போட வேண்டும்.

உலகை முற்றாகத் துறந்த இந்துத் தாய், குழந்தையின் இயற்கைக் காப்பாளராகச் செயல்பட முடியாது. குழந்தையைத் தத்துக் கொடுக்க அவர் சம்மதமும் தேவையில்லை.

சொத்தில்தான் அவசரம் ஆபத்து. பதிவு செய்த தானப் பத்திரத்தைப் பின்னர் ரத்து செய்வது எளிதன்று. குருவின் செல்வாக்கால் மனம் வளைக்கப்பட்டு எழுதியது என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டி வழக்காடலாம். கத்தோலிக்க மடத்தில் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு (வாழ்நாள் துறவு உறுதிமொழிக்கு) முன் உயில் எழுத வேண்டும். பிள்ளைகளின் பங்கை அதில் தெளிவாக்கிவிடலாம். மடத்தை விட்டு வெளியேறுபவர் அங்கே உழைத்ததற்குக் கூலி கோர முடியாது.

பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். உதவி எண் 15100.