துப்பாக்கியைத் தொடும் முன் விசாவைப் பாருங்கள்

“காட்டுப்பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம், சும்மா கிளம்பி வா” என்று அலுவலக நண்பர் கூப்பிடுகிறார். கான்சாஸ் சிட்டியிலிருந்து டெக்சாஸ் பண்ணைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். வெள்ளி மாலை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு. நண்பர் சொல்வது பொய்யும் இல்லை. தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுடுவதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அவர் அமெரிக்கக் குடிமகன்; நீங்கள் ஹெச்-1பி விசாவில் இருப்பவர். அவருக்குத் தேவைப்படாத அந்தக் காகிதம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

குடியேறுவதற்கல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கா முழுமைக்குமான மத்தியச் சட்டம். ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர்களின் எஃப்-1, பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் பி-2 எல்லாமே இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ‘வைத்திருப்பது’ என்றால் கடையில் காசு கொடுத்து வாங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நண்பரின் துப்பாக்கியை வாங்கித் தோளில் பொருத்தி, ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் அது வழக்காகலாம். அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் சாட்சியையும் நீங்களே கொடுத்ததாகிவிடும். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் நாடு கடத்தவும் சட்டம் இடம் தருகிறது. பத்து வருட உழைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. எனவே டெக்சாஸ் கேட்காவிட்டாலும் அதை வாங்கிவிடுங்கள். வெளிமாநிலத்தாருக்கான ஐந்து நாள் லைசென்ஸ் 48 டாலர்தான். போய்ச் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்; துப்பாக்கி இருக்கிற காரில் ஏறுவதற்கு முன்பே அது உங்கள் பர்ஸில் இருக்க வேண்டும். டெக்சாஸ் வேட்டை ஆண்டு ஆகஸ்ட் 31-ல் முடிகிறது; பழைய லைசென்ஸ் உங்களைக் காப்பாற்றாது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்கள் விசா நிலையில் சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் பதறி எதையும் விளக்க வேண்டாம். டெக்சாஸின் வனவிலங்குக் காவலருக்குப் போலீஸுக்கு உள்ள அதிகாரம் உண்டு. மரியாதையாகப் பேசுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், பொய் சொல்லாதீர்கள். அதற்கு மேல் வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம்; ஹூஸ்டனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. “சின்ன அபராதம்தான், ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போகலாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைச் சொல்வது உங்கள் வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். கான்சாஸில் பொழுதுபோக்குக்காகக் காட்டுப்பன்றி வேட்டையாடுவதே குற்றம். மிசௌரியில் மாநிலப் பாதுகாப்பு நிலங்களில் அனுமதி இல்லை. பயிரை அழிக்கிற பிராணியைச் சுட ஏன் தடை என்று தோன்றும். வேட்டை ஆசையில் மனிதர்களே பன்றிகளை லாரியில் ஏற்றிப் புதுப்புது இடங்களில் விட்டதால்தான் அவை இவ்வளவு பரவின. கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மீதி சிதறி, கண்ணியில் சிக்காத அளவுக்கு உஷாராகிவிடுகின்றன. பன்றிகள் மேலும் பரவக் கூடாது என்பதால் டெக்சாஸிலும் குட்டியைப் பிடித்து உயிரோடு நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

நிலத்தில் இறங்கியதும் மரங்களைப் பாருங்கள். தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில், நெட்டுவாக்கில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை அடித்திருந்தால் ‘அத்துமீறி நுழையாதே’ என்ற பலகைக்குச் சமம் அது. காயம்பட்ட பன்றி அந்தப் பக்கம் ஓடினாலும், பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்காமல் பின்னால் போகக் கூடாது.

வேட்டைப் பண்ணைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. சொன்ன சேவை கிடைக்காவிட்டால், பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கியிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அப்படியும் பணம் வராவிட்டால், டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

கடைசியாகக் கத்தி. பன்றியை அறுக்கும்போதுதான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். புருசெல்லா கிருமி ரத்தத்திலும் கருப்பையிலும் இருக்கும். விரலில் நகம் பிய்ந்த இடம் போதும், உள்ளே போய்விடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் வயிற்றைக் கிழிக்காதீர்கள். கொழுப்பு நீலமாக இருந்தால் விஷத் தீனி தின்ற பன்றி அது, இறைச்சியைத் தொடவே வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது. உட்புறம் 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும். நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். பன்றியிடமிருந்து சூடோரேபிஸ் என்ற வைரஸ் தொற்றினால் நாய் பிழைக்காது.

மனிதர்களுக்குப் புருசெல்லாக் காய்ச்சல் ஒரு வாரத்தில் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இரவில் வியர்வை, மூட்டுவலி, விட்டு விட்டு அடிக்கும் ஜுரம் என்றால் மருத்துவர் ஃப்ளூ என்றுதான் நினைப்பார். “நான் காட்டுப்பன்றி அறுத்தேன்” என்று நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார்.